ஏழாவது பெட்டி

கல்முனையில், ஐஸ் போடுவதை நிறுத்திவிட்ட தொழிற்சாலை.
ஒன்பது பேர். ஒன்பது ரெஜிபோம் மீன்பெட்டிகள்,
கழுவியும் போகாத சூடை வாசம்.
அவரவர் முகத்தை அவரவர் செய்யலாம்.
இரவில் மற்றவர் பெட்டியில்
எதையும் சேர்க்கலாம், எடுக்கத்தான் கூடாது.

ஏழாவதில் நான் வைத்தது
என் மண்டையோட்டு எக்ஸ்ரே, பின்னால் ஒரு பல்ப்.
அவ்வளவுதான் நான் என்றிருந்தேன்.

விடிந்தால் புருவம் இருந்தது.
மருதமுனைத் தறியில் அறுந்த நூலைத்
திரித்து ஒட்டியிருந்தாள் பஸ்லியா:
மெல்லிய, வளைந்த, எனக்கில்லாத புருவம்.
மறுகா ஷெறில்
வாயிருக்கும் இடத்தில் கண்ணாடித்துண்டு பதித்தாள்.
குனிந்தவர்கள் என் வாயில் தங்கள் மூக்கைப் பார்த்தார்கள்.
கோபிதன் சிவப்பு அடித்தான்.
ஏன்டா?
"எல்லாத்திலயும் சிவப்பு வந்திட்டு,
உன்ட மட்டும் வெறுமையாக் கிடந்திச்சி."
முதல் சிவப்பு யாருடையதென்று
ஒன்பது பேருக்கும் ஞாபகமில்லை.

பட்டியலில் இல்லாத காவலாளி நசுறுதீனும்
ஓரிரவு பெட்டிக்கொரு பிடி உப்புப் போட்டிருந்தார்.
"மீன்பெட்டிதானே" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை.
காது குத்தாத தர்மினிக்கு
எட்டாவது பெட்டியில்
ஊக்கொன்றைச் சரித்துக் குத்திவிட்டு
ஒன்றும் தெரியாதவளாய்த் தேநீர் குடித்தேன்.

திறப்பு நாளில் தங்கச்சி வந்தாள்.
ஏழாவதைத் தாண்டினாள்.
எட்டாவதில் நின்றாள்,
ஊக்கைத் தொட்டாள்.
"இதானே நீ."
தர்மினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு வீட்டுக் கண்ணாடியில்
புருவம் தடிப்பாய்ப் பட்டது.
முன்பு அப்படித் தோன்றியதில்லை.
கைப்பைக்குள் துழாவினேன்,
மிச்ச நூல் கொஞ்சம் கிடந்தது.