மனு நாள்

ஏலம் முடிஞ்சு கூடையைக் கழுவிக் கவுத்துட்டு
எலுமிச்சைத் தோலால விரலிடுக்கெல்லாம் தேய்ச்சேன்.
போன வாட்டி சோதனை போட்ட மேடம்
மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.
கையில காசிமேடு இருக்குது, இன்னா பண்றது,
தேய்ச்சாப் போற ஊரா அது.

கல்மண்டபத்துல ஷேர் ஆட்டோ. மூலக்கடையில பஸ்.
ஜெயில் ஸ்டாப்னு கேக்க மாட்டேன்,
காவாங்கரைன்னு கேப்பேன்.
கண்டக்டருக்குத் தெரியும்:
வேலை நாள், பை நிறையச் சாத்துக்குடி,
தனியா வர்ற பொம்பள.
முகத்தைப் பாக்காம சில்லறை கொடுப்பாரு.
அதுவும் ஒரு மரியாதைதான்.

ஏரிக்கரை வரும், போகும்.
ஊரே குடிக்கிற தண்ணி.
எங்க தெருவுக்கு மட்டும் லாரி.

கம்பிக்குப் பின்னால கம்ப்யூட்டர்.
கைதி பேரு? அஞ்சலாட்சி.
புருசன் பேரு? தேசிங்கு.
உனக்கு இன்னா முறை?
தம்பி பொண்டாட்டி, சார்.
தம்பி வரலியா?
எனக்குப் பின்னால வரிசை. யாரோ ஒரு குழந்தை
முறுக்கை நொறுக்குற சத்தம்.
தம்பியைத்தான் சார், அவ...
அதுக்கு மேல அவரு கேக்கல.
'நத்தனார்'னு தட்டினாரு, துணைக்கால் இல்லாம.
பதினாலு மாசமா அது அப்படியே இருக்குது.
நானும் திருத்தச் சொல்லல.

கருவாட்டுத் தொக்கை வாசல்லயே தடுத்துட்டாங்க.
முந்தானை ஊக்கைக் கழட்டி ஒரு டப்பாவுல போட்டாங்க.
கேன்டீன் கணக்குல முந்நூறு கட்டினேன்:
சோப்பு, தேங்கா எண்ணெய், மத்தது.
மத்ததுன்னா அந்த மேடத்துக்கும் புரியும்.

கண்ணாடிக்கு அந்தாண்ட வந்து உக்காந்தா.
சதை போட்டிருக்கா.
மூணு வேளையும் யாரும் தட்டை வீசாம சாப்புடுறா,
உடம்பு ஏறத்தானே செய்யும்.

போன்ல முதல்ல கரகரப்பு. அப்புறம் அவ:
"மழைக்கு அந்த மூலை ஒழுகுதா அண்ணி?"
தார்ப்பாய் போட்டாச்சு.
"மோனிஷா?"
ஏழாவது. கணக்குல ஃபெயிலு.
உன் சேலையைப் போத்திக்கிட்டுத் தூங்குறா.
இங்க கூட்டியாரவா?
தலையை ஆட்டினா.
வேணாம்னா, சரின்னா, தெரியல.

அப்புறம் கேட்டா,
"தெவசத்துக்கு இன்னா கொழம்பு?"
வஞ்சிரம்.
"புளி கம்மியா ஊத்துனீங்களா?
அதுக்கு நெஞ்சு கரிக்கும்."

பதினோரு வருசம்
ஒத்தைச் செங்கல் சுவத்துக்கு இந்தாண்ட
நான் டிவி சத்தத்தை ஏத்தி வெச்சேன்.
எந்த சீரியல் ஓடிச்சுன்னு கேட்டா இப்பவும் சொல்லுவேன்.
கோர்ட்டுல அதை யாரும் கேக்கல.

வக்கீலுக்கு ரெண்டு ஜாமீன்தாரர் வேணுமாம்.
ஒண்ணு நான்.
இன்னொண்ணைத் தேடி பவர்குப்பம் வரைக்கும் நடந்தேன்.
எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தாங்க.
அம்மா என்கூடப் பேசுறதில்ல,
சோத்தைப் போட்டுத் தட்டை நகத்தி வைக்கும்.
பெத்த வயிறு. அதையும் தப்பு சொல்ல முடியல.

மணி அடிச்சாங்க. போன் செத்துப்போச்சு.
அவ வாய் மட்டும் இன்னும் அசையுது,
என்னமோ சொல்றா, நீளமா.
புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு எழுந்தேன்.

மாதவரம் ரவுண்டானாவுலதான் கவனிச்சேன்,
ஊக்கைத் திருப்பி வாங்கல.
ஒரு கையில கம்பி, ஒரு கையில முந்தானை.
பக்கத்துல நின்ன பொண்ணு
தாலிச் சரட்டுலேருந்து ஒரு ஊக்கைக் கழட்டி நீட்டிச்சு.
"எங்கக்கா போயிட்டு வர்றீங்க?"
தம்பி பொண்டாட்டியைப் பாக்க.
"ஒடம்பு சரியில்லியா?"

இப்ப தேவலைன்னேன்.