கணக்கில் வராத இரண்டரை அடி

வெளியே நாற்பத்தொன்று.
உள்ளே, சுவர்க்கனம் கழித்தும்,
முப்பத்தெட்டரைதான்.
மறுபடி பிடி என்றேன்.
கெங் கியாட் முனகிக்கொண்டே நாடாவைப் பிடித்தான்.
அதே முப்பத்தெட்டரை.

கன்னியர் போய்ப் பல வருடம்.
பினாங்குக் கடல் மட்டும்
மதிலடியில் வந்து தட்டிவிட்டுப் போகிறது.
கிளிஞ்சல் சுண்ணாம்பில்
கருப்பட்டி சேர்த்தார்களாம்;
பொய்யென்றால்
இந்த எறும்புகள் எதற்கு வருகின்றன?
வளைவுகளை வரைந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார்.
சுமந்தவன் எந்த ஊர்க் கைதியோ,
ஈரச் செங்கல்லில்
கட்டைவிரலை விட்டுப் போயிருக்கிறான்.

தட்டிக்கொண்டே போனேன்,
வயிறு பார்க்கும் வைத்தியச்சி மாதிரி.
ஓரிடத்தில் சுவர் பொள்ளலாய்ப் பேசியது.

நான்கு கல் எடுத்தோம்.
மரத்தில் ஒரு சுழல்பெட்டி,
பாதிப் பீப்பாய் போல.
தெருவில் நின்று வைத்தவள் முகத்தை
உள்ளே எடுத்தவள் பார்க்கமாட்டாள்.

பதிவேட்டில் படித்ததுதான்:
டிசம்பர் 13. பெண். மூன்று நாள்.
இடுப்பில் மஞ்சள் துணி.
பெயர் லூசியா
(தேதி அப்படி).

விரலால் தள்ளினேன்.
சத்தமே இல்லாமல் சுழன்றது.
சத்தம் வரக்கூடாதென்றே
செதுக்கிய அச்சு.
வாய் தெருப்பக்கம் திரும்பி
பிற்காலத்துச் சிமெண்டைப் பார்த்து நின்றது.

கெங் கியாட் தொப்பியைக் கழற்றினான்,
வியர்வைக்காகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு
வரைபடத்தில் ‘வெற்றிடம்’ என்று எழுதுவோம்.
பென்சில் முனை ஒடிந்தது என்று சொல்லி
நாளைக்குத் தள்ளிவைத்தேன்.