ஆறாவது ஈயம்

உம் அல் குவைனில் ஆறு கிடையாது.
கடல்தான் ஊருக்குள் வந்து
கண்டல் வேர்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போகும்.
அது வந்துபோகும் வழிக்குக் கோர் என்று பெயர்.
இஞ்ஞாசி மட்டும் பிடிவாதமாகக்
கழிமுகம் என்பான்.
கழிமுகத்துக்கு ஓர் ஆறு வேண்டாமா என்றால்
"முகம் இருக்குல்லா, போரும்" என்பான்.

வெள்ளி, விடிகாலை நாலரை.
கம்பெனி பிக்கப்பின் பின்பலகையைத் தாழ்த்தி
அதில் உட்கார்ந்திருந்தோம்.
ஒரு பெயின்ட் வாளி. ஒரு பிளாஸ்க்.
ஐந்து ஈயக்குண்டு.
விலைச்சீட்டு உரிக்காத இறால் பொட்டலம்.
இரை வாங்கிய காசுக்கு
இரண்டு விளைமீன் வாங்கியிருக்கலாம்.
வாரம் தவறாமல் இதைச் சொல்கிறேன்,
வாரம் தவறாமல் அவன்
பிளாஸ்க்கைத் திறக்கிறான்.

வீசியாகிவிட்டது. இனி
தங்கூசியைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி
அடியில் கிடக்கும் ஈயத்தோடு
பேச்சு வைத்துக்கொள்வதுதான் வேலை.
முதலில் நண்டு வந்தது.
நண்டு தின்பது மீன் தின்பதுபோல இருக்காது.
பக்கத்து அறையில் யாரோ
சாவகாசமாகப் பெட்டி கட்டுவதுபோல இருக்கும்.
இழுத்துப் பார்த்தால் வெறும் முள்,
கழுவிக் கவிழ்த்த கரண்டியாட்டம்.

ஐந்துக்கு மேல் வற்றம்.
தண்ணீர் போவதைப் பார்க்க முடியவில்லை.
போனதைத்தான் பார்த்தோம்:
சற்றுமுன் இல்லாத ஒரு டயர்,
பிறகு அந்த டயருக்கு ஒரு கொக்கு.
எதிரே பூநாரைகள்
தலைகீழாகச் சேறு வடிகட்டிக்கொண்டிருந்தன,
ஓவர்டைமில் வந்தவர்கள் மாதிரி
ஒன்றையொன்று பார்க்காமல்.

கல்வரிசையின் கோடியில் மரிவிக்,
கிளினிக்கில் துடைப்பவள்,
கையகல ரீலில் ஒரு கிழங்கானைத் தூக்கினாள்.
அப்புறம் இன்னொன்று.
எங்கள் வாளிப் பக்கம் திரும்பவே இல்லை.
அவ்வளவு மரியாதை.

ஏழு மணிக்கே காற்று ஈரத்துணி.
என் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது.
கண்ணாடி இல்லாமலும் விரல் கேட்கும் என்பதால்
துடைக்கவில்லை.
இஞ்ஞாசியின் போனில் ஃபோர்மன்:
சம்பளம் திங்கட்கிழமை, இன்ஷா அல்லாஹ்.
எந்தத் திங்கள் என்று
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.
அவன் போனை இறால் பொட்டலத்தின் மேல் வைத்தான்,
நாறட்டும் என்பதுபோல.

பத்தேகாலுக்கு என் விரல் கனத்தது.
வெட்டு இல்லை, துடிப்பு இல்லை,
ஒரு கனம், வர ஒப்புக்கொண்ட கனம்.
இஞ்ஞாசி எழுந்தான். மரிவிக்கும் எழுந்தாள்.
பாசி வந்தது.
பாசிக்குள் பச்சையேறிய நரம்பு, எட்டு முழம்,
அதன் நுனியில் சப்பையான ஓர் ஈயம்,
துருவில் பாதி கரைந்த ஒரு தூண்டில்முள்.
மரிவிக் உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் அதை மடியில் போட்டுப் பிரித்தோம்.
எவனோ அறுத்துக்கொடுத்தது. எந்த வருஷமோ.
முள்ளின் கழுத்தில் மட்டும்
முடிச்சு இன்னும் விடவில்லை.
நான் ஐந்து சுற்றுப் போடுவேன்.
இஞ்ஞாசி நாலு, அவசரக்காரன்.
இதில் ஏழு.
நகத்தால் இரண்டுமுறை எண்ணினோம், ஏழு.
"பயந்தவனா இருக்கும்" என்றேன்.
"இல்ல, பெரிய மீனை
மனசுல பாத்துக்கிட்டு கெட்டியிருக்கான்."
அந்த ஆள் எந்த நாட்டான் என்று
கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.
முடிச்சில் ஊர்ப்பெயர் இல்லை.

பத்தரைக்குத் தண்ணீர் நின்றது.
கொக்கு டயரை விட்டு இறங்கியது.
ஜும்ஆவுக்கு முன் வண்டியை
யார்டில் விட்டாக வேண்டும்.
இஞ்ஞாசி துருமுள்ளைத் தீப்பெட்டிக்குள் போட்டான்,
யார் காலிலாவது ஏறக்கூடாது என்று.
அந்த ஈயத்தை என் பக்கம் தள்ளினான்.

இன்னொரு தடவை, என்றான்.
சரி என்றேன்.
புதுமுள் எடுத்துக் கட்டினேன்.
எச்சில் தொட்டு இறுக்கும்போது
அவன் என் விரலைப் பார்த்து
எண்ணிக்கொண்டிருந்தான்,
ஐந்தில் நிறுத்தவில்லை.
வாளியில் மொண்டு வைத்த தண்ணீர்
சுடத் தொடங்கியிருந்தது.