துணைக்கால்

155 பஸ்ஸில், பம்பலப்பிட்டிக்கும் மருதானைக்கும் நடுவில்
எனக்கு முன்பே இறங்கிவிட்டது என் பேர்ஸ்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்,
பனடோல் பாதி அட்டை, அச்சகத்து அலுமாரித் திறப்பு,
அடையாள அட்டை.
பொலிஸில் இந்த ஒழுங்கில்தான் சொன்னேன்.
அவர் கடைசியில் இருந்து எழுதத் தொடங்கினார்.

சிங்களத்தில் எழுதினார். நல்ல உருண்டை எழுத்து.
வாசித்துக் காட்டியபோது பாதி விளங்கியது,
மீதியை நம்பிக் கையெழுத்து வைத்தேன்.
பெறுமதி எவ்வளவு என்றார்.
காசுக்கா?
இல்லை, அட்டைக்கு.
நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.
அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் ஒரு துண்டுக் கடதாசி.
மழை வந்தால் தலைக்கு முன் அதைத்தான் மூடினேன்.

கொட்டாஞ்சேனையில் கிராமம் இல்லை,
கிராம சேவகர் இருக்கிறார்.
செவ்வாய், வியாழன், சனி காலை,
சலூனுக்கு மேல்மாடியில்.
யார் யாருடையதோ தலைமயிரை மிதித்துப் படியேற வேண்டும்.
எத்தனை வருஷமாய் இங்கே?
பிறந்ததே ஜம்பட்டா வீதியில், ஐயா.
அதற்கு அத்தாட்சி?
முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது
அந்த வீதியின் தார் கீறியது;
சொல்லவில்லை.

இலக்கம் மட்டும் தொலையவில்லை, அது நாக்கில் இருக்கிறது.
எழுபத்தாறு. பிறகு ஐந்நூற்று அறுபத்து மூன்று.
மார்ச் மூன்றாம் திகதி அறுபத்து மூன்றாம் நாள்,
மேலே உள்ள ஐந்நூறு, பெண் என்பதற்காக.
சம்பளத்தில் குறைத்ததைத்தான் இதுவரை கண்டிருக்கிறேன்,
இங்கே கூட்டியிருக்கிறார்கள்.

அந்த அட்டையைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்த காலமும் உண்டு.
நள்ளிரவில் கதவு தட்டுவார்கள்.
டோர்ச் வெளிச்சம் முதலில் அட்டைக்கு, பிறகுதான் முகத்துக்கு.
பெயர் இரண்டு மொழியில் இருந்தால்
இன்னும் இரண்டு கேள்வி.
அத்தனை வருஷமும் தொலைக்காதவள்
ஒருவரும் கேட்காத ஒரு புதன்கிழமை தொலைத்தேன்.

பத்தரமுல்லை, ஏழாம் கவுண்டர்.
பஸ்மினா என்று நெஞ்சில் குத்தியிருந்த பிள்ளை
பிறப்புச் சான்றிதழைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து
விரலால் ஒவ்வொரு எழுத்தாய்ப் போனாள்.
"இதிலே யோகாம்பிகை. பழைய அட்டையிலே யோகம்பிகை.
ஒரு கால் குறையுதே, அக்கா."

தெரியும்.
சோற்றுக்குப் போகும் அவசரத்தில்
யாரோ ஒரு தட்டெழுத்தாளர் விட்டுப்போன கால்.
முப்பது வருஷம் நொண்டியபடியே வந்திருக்கிறேன்.

"இப்பவே திருத்தலாம். சான்றிதழ்தான் இருக்கே."

வங்கிப் புத்தகத்தில் கால் இல்லை.
சேமலாப நிதியில் இல்லை.
மகனின் பிறப்புப் பதிவில், தாயின் பெயர் என்ற இடத்தில் இல்லை.
ஞானசேகரத்தின் மரணத்தை அறிவித்தவள் என்று
நான் நிற்கும் அந்த ஒரு வரியிலும் இல்லை.
எல்லாக் கடதாசியும் அந்த ஒற்றைக் காலில் நிற்கிறது;
நான் மட்டும் இரண்டு காலோடு போய் நின்றால்
அவற்றுக்கு என்னைத் தெரியாது.

"பழையபடியே போடுங்கோ, பிள்ளை. பிழையாகவே இருக்கட்டும்."
அவள் சிரித்தாள்.
"பிழையைத் திருத்தத்தான் இவ்வளவு பேரும் நிக்கிறாங்க.
பிழை வேணுமென்று வந்தது நீங்கதான்."

கையெழுத்துக்கு ஒரு கட்டம்.
கோட்டில் படக்கூடாது என்றாள்.
பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரியே எழுதினேன்,
எப்போதும் அப்படித்தான்,
ககரத்துக்குப் பக்கத்தில் கால், நீளமாய்.
கையெழுத்தில் ஒருவரும் கால் எண்ணுவதில்லை.

கட்டத்துக்கு வெளியே அது கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.
பஸ்மினா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
முத்திரையை அதன்மேல் விழாமல்
சற்றுத் தள்ளிக் குத்தினாள்.