கத்தி இல்லாதது

பழையது போன மாசம்
பைபாஸ் செக்போஸ்டில் போனது.
வண்டியை ஓரங்கட்டச் சொல்லி
டூல்ஸ் பையைக் கவிழ்த்து
ஸ்பேனர், டெஃப்லான் டேப், பழுப்பேறிய ஃபில்டர்
எல்லாவற்றையும் விட்டுவிட்டு
என் சட்டைப் பையில் கிடந்ததை எடுத்தார் எஸ்.ஐ.
நகத்தால் நெம்பினார். கத்தி வந்தது.
விரல் வைத்து அளந்தார். ரெண்டே கால் அங்குலம்.
"என்னவே இது?"
தண்ணி மிஷின் சர்வீஸ் சார், டியூப் வெட்ட.
"எந்த ஊரு?"

இந்தப் பக்கம் அந்தக் கேள்விக்கு
ஊர்ப்பேர் மட்டும் பதில் இல்லை என்று
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும்.
சொன்னேன்.
மடக்கி டிராயருக்குள் போட்டார்.
உள்ளே ஏற்கெனவே நாலைந்து சாவிக்கொத்தும்
யாரோ ஒருவரின் நுங்குக் கத்தியும் கிடந்தன.

இப்போது வண்ணார்பேட்டையில்
செய்யது மசூது கடைக் கண்ணாடிமேல்
ஒன்பது உருப்படி.
ஒவ்வொன்றாக விரித்து வைக்கிறார்,
மல்லாத்திப் போட்ட நண்டு மாதிரி.

முதலாவது இருபத்தோரு வேலை செய்யுமாம்.
கையில் வாங்கினேன். அம்மிக் குழவி கனம்.
இதைச் சட்டைப் பையில் போட்டால்
கல்யாண வீட்டுக்கு நான்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்துதான் போக வேண்டும்.
மீன் செதில் சுரண்ட ஒன்று,
பாட்டில் தக்கை எடுக்க ஒரு சுருள்.
"தக்கைக்கு எங்க போக அண்ணாச்சி?"
"அது கூடவே வரும், சம்பந்தி வீட்டு ஆளு மாதிரி.
நாம கூப்பிட்டா வருது?"

அடுத்தது அழகு.
இடுக்கி வாயை மூடினால் வெளிச்சம்கூட நுழையாது.
ஆனால் அதன் திருப்புளியை வெளியே இழுக்க
இன்னொரு திருப்புளி வேண்டும்.
பிளாஸ்டிக் பிடி போட்டது ஒன்று.
சித்திரை வெயிலில் டேங்க் கவருக்குள் கிடந்தால்
அல்வாவாகிவிடும்.

எனக்கு என்ன வேண்டும்?
நாளைக்கு ஏழெட்டு வீடு.
மேல்மூடிக்கு ஒரு நட்சத்திரத் தலை,
பிடிவாதக்காரக் கிளிப்புக்கு ஒரு தட்டைத் தலை.
இடுக்கி,
நாங்குநேரிப் பக்கத்து போர்த் தண்ணியில்
எந்த நட்டும் ஆறு மாசத்தில் உப்புப் பூத்துக் கல்லாகும்.
முள்வாங்கி கட்டாயம்.
உடைமுள் செருப்பிடம் கேட்டுக்கொண்டா ஏறுகிறது?
ஒரு கத்தரி.
பிறகு கத்தி.

கை நின்றது.
கூரியர் பெட்டி டேப்பு, கால் அங்குல வெள்ளைக் குழாய்,
பனங்கிழங்கு நாரு,
அதைக்கொண்டு நான் வெட்டியதில் பெரியது
ராதாபுரத்தில் ஒரு கொய்யா.

"கத்தி இல்லாததும் இருக்கு" என்று
குனிந்து அடித்தட்டிலிருந்து எடுத்தார் மசூது.
"பிளேன்ல போறவங்க வாங்குவாங்க.
நூத்தி நாப்பது ரூவா கூட."
இல்லாததுக்கா கூட?
"இல்லாததுக்குத்தான்."
அவர் மேலப்பாளையத்துக்காரர்.
அவரிடமும் யாராவது
எந்த ஊரு என்று கேட்டிருப்பார்கள்.
பேரம் பேசவில்லை.

நேற்று ராத்திரி அதே செக்போஸ்ட், வேற ஏட்டு.
இடுக்கி, கத்தரி, அரம் என்று
ஒவ்வொரு மடிப்பாய் விரித்துக்கொண்டே போனவர்
முள்வாங்கியில் நின்றார்.
பெஞ்சில் உட்கார்ந்து
இடது கால் பூட்ஸைக் கழற்றினார், சாக்ஸையும்.
டார்ச்சை நான் பிடித்தேன்.
குதிகாலில் கறுப்பாய் ஒரு முனை,
மூணாவது தடவைதான் பிடி கொடுத்தது.
"காலையில இருந்து உயிர எடுத்துட்டு சவம்" என்றார்.
பேண்டில் துடைத்து, மடக்கி,
திருப்பித் தரும்போது
வண்டி நம்பரை, நெற்றியை, என் மணிக்கட்டைப்
பார்த்துக்கொண்டே கேட்டார்,
"எந்த ஊரு?"

"சைனா சார்" என்றேன்,
கையிலிருந்ததைக் காட்டி.

சிரிப்பாரா என்று
கிக்கர்மேல் காலை வைத்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.