பதினான்கு பைசா

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
மூன்று சுருள்களை மேசைமேல் உருட்டினார்.
காகிதம்.
பாலியெஸ்டரில் மெழுகு மை.
பாலியெஸ்டரில் ரெசின் மை.
மூன்றும் வெள்ளை, மூன்றிலும் கறுப்பு எழுத்து.
புதிதில் எல்லா லேபிளும்
கல்யாணப் பத்திரிகை மாதிரிதான்.

மெழுகைவிட ரெசினுக்குப் பதினான்கு பைசா கூடுதல்.
"பார்ட்டுதானே ஓடப்போவுது,
லேபிளா ஓடப்போவுது?" என்றார் தங்கையா அண்ணாச்சி
கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.
பேட்டைத் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு
மாதம் நாலாயிரம் பிரேக் சேம்பர்.
ஐந்நூற்று அறுபது ரூபாய் மிச்சம்.
நாலு நாள் டீக்கணக்கு.
நான் வாயைத் திறக்கவில்லை.
மெழுகையே வாங்கினோம்.

சாம்பிளை மட்டும் வைத்துக்கொண்டேன்.
டீசலில் நனைத்த துணியால் இருபது தடவை தேய்த்தேன்.
காகிதம் மூன்றிலேயே கூழ்.
மெழுகெழுத்து ஒன்பதில் மங்கி
பதினைந்தில்
அழுது துடைத்த கண்மை.
ரெசின் நின்றது,
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சி போல.

ஆனால் மேசைமேல் தேய்ப்பது வேறு,
தூத்துக்குடி உப்பு ஏற்றுகிற லாரிக்கு அடியில் இருப்பது வேறு.
மாசானத்தின் வண்டியில் இருந்ததும் எங்கள் சேம்பர்தான்.
சித்திரை வெயிலில் அடியில் படுத்து
தின்னர் போட்டுத் துடைத்து, காயவிட்டு,
மெழுகும் ரெசினும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.
"ஒரு நாள் தண்ணி படாம பாத்துக்கோ,
பசை பிடிக்கணும்."
"என்ன மேடம், வண்டிக்குக் காது குத்துன மாதிரி சொல்லுதிய"
என்று சிரித்துவிட்டுப் போனான்.

புரட்டாசியில் ஒரு பார்சல் வந்தது.
பனவடலிசத்திரம் தாண்டி
ஒரு தனியார் பஸ், பிரேக் பிடிக்காமல்,
வரப்பில் ஏறி உளுந்துக் காட்டுக்குள் நின்றிருக்கிறது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
ஒருவருடைய தூக்குவாளி நசுங்கியதாம்.
சேம்பரைப் பிரித்தேன். ரப்பர் திரை விளிம்பில் கிழிசல்.

அந்த ரப்பர் எங்களுக்கு இரண்டு இடத்திலிருந்து வரும்.
எந்த இடம் என்று லேபிள் சொல்லும்.
திருப்பினேன்.
வெள்ளைச் சதுரம்.
சுத்தமான, ஒழுங்காக ஒட்டியிருக்கிற,
ஒரு எழுத்தும் இல்லாத
வெள்ளைச் சதுரம்.

எண் இருந்திருந்தால் அறுநூற்று நாற்பது.
எண் இல்லாததால் இருபதாயிரம்.
சங்கரன்கோவில், அம்பை, வள்ளியூர், நாகர்கோவில்,
பதினோரு நாள் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக போன் போட்டேன்.
"எதும்மா பழுது?" என்று கேட்டார்கள்.
"தெரியாது, எல்லாத்தையும் கழட்டுங்க" என்றேன்.
தன் பெயரை மறந்துபோன ஒருவனைத் தேடுவதற்காக
ஊரிலுள்ள எல்லோரையும் எழுப்புவது போல.

அண்ணாச்சி அந்தப் பதினோரு நாளும்
கால்குலேட்டரைத் தொடவில்லை.
பன்னிரண்டாம் நாள் மைதீன் பிச்சைக்கு அவரே போன் பண்ணினார்.
விலை பேசாமல் அவர் பேசி
அன்றுதான் கேட்டேன்.

தை பிறந்து மாசானம் வந்தான்.
அடியில் படுத்தேன்.
அக்னி நட்சத்திரம், ஐப்பசி மழை,
எட்டு மாதத்து உப்பு, கிரீஸ், சாணி.
மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க
இடதுபக்கம் வெறும் வெள்ளை.
வலதுபக்கம், மெல்ல,
நான் அவசரத்தில் அடித்த எழுத்துகள்
ஒன்றுவிடாமல் மேலே வந்தன:

தொகுதி 0000.
சோதனைக்கு மட்டும்.
விற்பனைக்கு அல்ல.

மாசானம் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"டியூ இன்னும் பதினேழு மாசம் இருக்கு,
இத எவன் பாத்தாலும் என்ன நினைப்பான்?
உரிச்சிரவா மேடம்?"

நானே நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தேன்.
நகம்தான் ஒடிந்தது.