படுத்துக் கிடந்த கோடு

பின்பக்கமல்ல ஐயா, வாய்.
இதைச் சொல்லியே என் பாதி உயிர் போகிறது,
லிஸ்பனில், விமானத்தில், பக்கத்து இருக்கையில்
சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பவர்களிடமெல்லாம்.
மேய்ந்தது உள்ளே புளிக்கும்,
புளித்தது மேலே ஏறும்,
அசைபோடும் இடைவெளியில்
அலட்டிக்கொள்ளாத ஓர் ஏப்பம்.
மீத்தேனுக்கு நிறமில்லை. தனியே வந்தால் மணமும் இல்லை.

சாவோ மிகெல் தீவில்
அட்லாண்டிக்கை நோக்கிச் சரியும் புல்மேடு.
நீலப்பூ வேலிகள். பாதி நாள் மேகம்
மாட்டின் முதுகுயரத்தில் நடக்கிறது.
எவரிஸ்டோ கறவை இயந்திரத்தை வண்டியில் ஏற்றி
மாடுகள் நிற்கும் இடத்துக்கே போகிறார்.
என் பெட்டியையும் அங்கேயே நிறுத்தினேன்:
தலையை நுழைத்தால் ஒரு கைப்பிடித் தீனி விழும்,
தின்னும் வரை விசிறி மூச்சை உறிஞ்சும்,
திரையில் ஒரு கோடு எழுந்து விழும்.
ஒவ்வொரு குன்றும் ஓர் ஏப்பம்.

முப்பத்தொரு மாடுகள்.
பாதிப் பேருக்குத் தீனியில் கடற்பாசித் தூள்.
"கடலில் அள்ளியதை மாட்டுக்குப் போட்டு
வானத்தைச் சரிசெய்யப் போகிறீர்களாக்கும்," என்றார் எவரிஸ்டோ.
கிண்டலா என்று தெரியவில்லை.
அவர் முகம் மழைக்கு மட்டும்தான் அசையும்.

பதினேழாம் எண், கர்சா.
நாரை என்று பொருள். கால்கள் அப்படி.
பெட்டிக்கு முதலில் வருபவள்,
மற்றவர்களை இடித்துத் தள்ளுபவள்,
நாளுக்கு நானூற்றுப் பத்து கிராம்,
என் அட்டவணையின் வெட்கம்.

ஏப்ரல். மூன்று நாள் மழைக்குப் பின் வெயில்.
புது மேய்ச்சல், க்ளோவர் முழங்கால் வரை.
மாலையில் கர்சா வந்தாள், தலையை நுழைத்தாள்.
கோடு படுத்துக் கிடந்தது.
ஒரு நிமிடம். இரண்டு. நான்கு.
குன்றே இல்லை, கடல் மட்டம்.
"கடற்பாசி!" என்று கத்தினேன், ஆளில்லாத வயலில்.
பேராசிரியருக்குப் படமெடுத்து அனுப்பினேன்,
மூன்று ஆச்சரியக்குறியோடு.
விழுந்த தீனி தட்டில் அப்படியே இருந்ததை
அந்தப் படத்தில்தான், பிறகு, பார்த்தேன்.

எவரிஸ்டோ கூப்பிட்டபோது பெயர் சொல்லவில்லை.
ஓ, ஓ என்று மட்டும்.
கர்சாவின் இடது பக்கம் மேளமாக உப்பியிருந்தது,
விரலால் சுண்டினார், அதிர்ந்தது.
நான் தேடியதெல்லாம் உள்ளே இருந்தது,
நுரையாகி, வழியில்லாமல்.
மாட்டு மருத்துவர் க்ளொதில்ட் மலைக்கு அந்தப் பக்கம்
ஒரு கன்றை வெளியே இழுத்துக்கொண்டே
போனில் மூச்சு வாங்கினாள்:
"எண்ணெய். குழாய். மசியாவிட்டால் கத்தி."

சமையலறையிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் வந்தது,
ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு வைத்திருந்தது.
நான் தாடையைப் பிடித்தேன்.
அவர் தொண்டை வழியே குழாயை இறக்கினார், சாண் சாணாக.
பிறகு நடத்தினோம்,
முன்கால் உயர, மேட்டைப் பார்த்து.
ஒன்றுமில்லை.
மேகம் வந்து எங்கள் மூவரையும் மூடியது.
ஒன்றுமில்லை.
கர்சா கழுத்தை நீட்டினாள்.

அதை எப்படி எழுத.
ஃபுர்னாஸில் நிலம் ஆவி விடும் குழிகளில்
பானையைப் புதைத்து இறைச்சி வேகவைப்பார்கள்.
மதியம் அதைத் தோண்டித் திறப்பது மாதிரி,
சூடாக, ஈரமாக, புளித்த புல்லாக, என் முகத்தின் மேலேயே.
இன்னொன்று.
இன்னொன்று.
எவரிஸ்டோ சிரித்தார், மழையில்லாமலே.
"அளந்தாயா, பெண்ணே?" என்றார்.
வேலிக்கு அப்பால் என் பெட்டியில்
விசிறி வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இரவு பேராசிரியரின் பதில்: வாழ்த்துகள்.
மூன்று முறை எழுதி அழித்தேன்.
எண் பதினேழு, மாலை ஆறு பத்து,
இந்த அளவை நீக்கவும்.
காரணம் கேட்கும் கட்டம் ரொம்பச் சின்னது.
என் ஸ்வெட்டரில் இன்னும் அவள் வயிற்றின் வாடை.
வெளியே, இருட்டில்,
முப்பத்தொரு தாடைகள் அரைக்கும் சத்தம்.
எண்ணிப் பார்க்க முடியாது.
எண்ணினேன்.